கஞ்சி போட்ட பின்னல்

டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். சீப்பின் பல் ஒன்று முறிந்திருக்கும். அதைத் தொடர்ந்து அம்மாவின் பெருமூச்சும், அதற்கும் பிறகு என் அலறலும் கேட்கும். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், தண்டவாளத்துக்குக் கிட்ட இருந்த வாடகை வீட்டில்தான் நான் வளர்ந்தேன். ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் கடல் இரைச்சலோ ரயில் கோச்சியின் சத்தமோ எனக்கு முதலில் கேட்பதில்லை. மாட்டுக்கொம்புச் சீப்பு என் தலைக்குள் சிக்கி முறிகிற அந்தச் சத்தம்தான் கேட்கிறது.

எனக்குச் சுருட்டை மயிர். சுருட்டை என்றதும் நெற்றியில் இரண்டு வளையம் ஆடி அழகு காட்டுமே, அந்தச் சுருட்டை என்று நினைத்துவிடாதீர்கள். வேரிலிருந்தே சுருண்டு, ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காய்ந்தால் நாலு பக்கமும் எழும்பி நிற்கிற சுருட்டை. அம்மாவின் கூந்தலோ அவிழ்த்துவிட்டால் தண்ணீர் வழிவதுபோல முழங்கால் வரை இறங்கும். யாழ்ப்பாணத்தவர்கள் தலைவாருவதைத் "தலை இழுக்கிறது" என்றுதான் சொல்வார்கள்; அந்தச் சொல் எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் உண்டானதோ என்று எனக்கு அந்த வயதிலேயே ஐயம் இருந்தது. சனிக்கிழமை விடிந்தால் நல்லெண்ணெய் சூடாகும், சீயாக்காயும் வெந்தயமும் பிழிந்த தேசிக்காய்ப் பாதியும் அவிகிற மணம் வீடு முழுக்க அடிக்கும். தலை முழுகியபின் இரண்டு மணித்தியாலம் முற்றத்து வெயிலில் என்னை இருத்திவிடுவார்கள். "ஈரத் தலையை இழுத்தால் தடிமன் பிடிக்கும்" என்பது அம்மா அறிந்த மருத்துவம். ஆகவே என் தலை நன்றாகக் காய்ந்து, சிலிர்த்து, சண்டைக்கு ஆயத்தமான பிறகுதான் சீப்பு வெளியே வரும்.

இதற்குப் பரிகாரமாக என் தலையை இரண்டு தரம் மழித்திருந்தார்கள். "மொட்டை அடிச்சு விட்டால் நேர் மயிராய் முளைக்கும்" என்று உறவுக்காரர் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்று வயதில் மழித்தபோது முன்பைவிடச் சுருளாக முளைத்தது. சரியாக மழிக்கவில்லை போலும் என்று ஐந்து வயதில் இன்னொரு தரம் மழித்தார்கள். அது நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம். வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று என் மண்டையைத் தடவிப் பார்த்ததும், இடைவேளை முழுவதும் நான் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு மாமரத்துக்குப் பின்னால் நின்றதும் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அதன்பின் கத்தரிக்கோலைக் கண்டாலே நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன்.

இந்த மயிர் யார் பக்கத்தால் வந்தது என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. அப்பாவிடம் கேட்டால், "எங்கட பக்கத்திலை ஒருத்தருக்கும் இப்பிடி இல்லை" என்று பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே சொல்வார். அவருடைய தலையைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டும். அது எழுதித் துடைத்த சிலேட்டுப்போலப் படிந்து மினுங்கும். கோட்டைப் பகுதியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்த அப்பா, நாங்கள் எல்லாரும் எழும்ப முன்னரே எழும்பிக் குளித்து, பிரிலியன்டைன் எண்ணெய்ப் போத்தலில் பாதியைத் தலையில் ஊற்றி, இடது பக்கம் வகிடெடுத்து, அரை மணித்தியாலம் துவாயால் இறுக்கிக் கட்டிவைத்துவிட்டுத்தான் வெளியில் வருவார். வாசலைத் தாண்டினால் தொப்பி ஏறிவிடும். அம்மா தன் பக்கத்தில் தேடி, மலாயாவுக்குப் போய் அங்கேயே செத்துப்போன ஒரு பெரியப்பாவைக் கண்டுபிடித்து, அவருக்குச் சுருட்டை என்று பழியை அவர் தலையில் போட்டிருந்தார். மறுக்க ஆள் இல்லாததால் வழக்கு அதோடு நின்றது.

எனக்கு எட்டு வயதானபோது அம்மா பிள்ளைப்பேற்றுக்காக யாழ்ப்பாணம் போனார். பள்ளிக்கூடம் நடந்ததால் நான் அப்பாவோடு நிற்க வேண்டியதாயிற்று. அதற்குள் என் மயிர் மூன்று வருடம் வளர்ந்து, இழுத்துப் பிடித்தால் தோளுக்குக் கீழே வந்துவிட்டது. அது அம்மாவின் மூன்று வருட உழைப்பு. கோட்டை நிலையத்தில் மெயில் வண்டியில் ஏறியபின் அவர் அப்பாவிடம் சாப்பாட்டைப் பற்றியோ பூட்டைப் பற்றியோ சொல்லவில்லை. "இஞ்சாருங்கோ, நான் வருமட்டும் இந்தப் பிள்ளையின்ர தலையிலை கத்தரிக்கோல் படக்கூடாது" என்றுதான் சொன்னார். அப்பா சத்தியம் செய்வதுபோலத் தொப்பியை நெஞ்சருகே பிடித்துக்கொண்டு, தலை இழுப்பதெல்லாம் ஒரு வேலையா என்றார். பள்ளிக்கூடம் விட்டபின் அப்பா வரும்வரை நான் பக்கத்து வீட்டில் நிற்பதாக ஏற்பாடு. அந்த வீட்டு ராவியா உம்மா, "இந்தப் புள்ளட தலய நான் பாத்துக்கொள்றன்" என்று முதல் நாளே சொன்னார். அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. நன்றி சொல்லி மறுத்துவிட்டார்.

அப்பா எந்த வேலையையும் கந்தோர் வேலையாகத்தான் செய்வார். விடிகாலையில் என்னைக் கதிரையில் இருத்தி, மேசையில் சீப்பு, எண்ணெய், நாடா, ஊசி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்குவார். வகிடு நேராக இருக்க வேண்டும் என்று அடிமட்டம் வைத்து எடுப்பார். வகிடு மட்டும் அற்புதமாக வந்தது. அதற்கு இரு பக்கமும் நடந்ததுதான் கலவரம். சீப்பை உச்சியில் வைத்துக் கீழே இழுப்பார், அது பாதியில் நிற்கும், நான் கத்துவேன், அவர் விட்டுவிடுவார். அம்மாவைப்போல விடாமல் இழுக்கிற நெஞ்சுரம் அவருக்கு இல்லை. சிக்கெடுக்காமலே மேலோட்டமாகப் பின்னிக் கட்டிய இரண்டு பின்னலும் காதுக்கு மேலே ஆட்டுக்கிடாய்க் கொம்புபோல வெளியே நீட்டி நிற்கும். முதலாம் பாடம் முடிய முன்னரே நாடா அவிழ்ந்து, இரண்டு பக்கமும் பத்தைக்காடாகிவிடும்.

மூன்றாவது கிழமை வெள்ளிக்கிழமை, வகுப்பு மிஸ் என்னிடம் ஒரு கடிதம் தந்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து பிள்ளையின் தலைமயிர் ஒழுங்கான இரட்டைப் பின்னலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காதளவுக்கு வெட்டிவிட வேண்டும் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். எனக்கு மாமரத்தின் பின்பக்கம் நினைவுக்கு வந்து, இரவு சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கும் இறங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவருக்குக் கோட்டை நிலையத்தில் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தன் சட்டைக் கழுத்துப்பட்டிகளுக்குத் தானே கஞ்சி போடுவார். லோன்றிக்காரன் போடுகிற கஞ்சி பத்து மணிக்கே தளர்ந்துவிடும் என்பது அவருடைய குறை. பச்சரிசியை அரைத்துக் கரைத்து, மெல்லிய துணியில் வடித்து, கட்டி தட்டாமல் காய்ச்சி, துளி நீலம் சேர்த்துப் போடுகிற அந்தக் கஞ்சியில் தோய்ந்து, சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி வந்த கழுத்துப்பட்டியைத் தட்டினால் பலகைபோலச் சத்தம் கேட்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கஞ்சிச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தவர், கிண்டுவதை நிறுத்திவிட்டு என் தலையைப் பார்த்தார். பிறகு சட்டியைப் பார்த்தார். மறுபடி என் தலையைப் பார்த்தார்.

"பிள்ளை, போய்த் தலையை நனைச்சுக்கொண்டு வா" என்றார்.

சொட்டச் சொட்ட வந்து நின்ற என் தலையில், ஆறவைத்த கஞ்சியைக் கை கையாக அள்ளிப் பூசி, நிதானமாக வாரினார். அன்றைக்குச் சீப்பு முறியவில்லை. ஏன் முறியவில்லை என்று இருவரும் யோசிக்கவும் இல்லை. நீலம் போடலாமா என்று ஒரு கணம் யோசித்து, வேண்டாம் என்று விட்டார். மினுக்குப் பெட்டிப் பக்கம் அவருடைய கண் போனபோது நான் அழத் தொடங்கியதால் அதையும் விட்டார். இறுக்கிப் பின்னிய இரண்டு பின்னலும் பொழுதுபட முன் காய்ந்து விறைத்து, அவருடைய அடிமட்டத்துக்குப் போட்டியாக நின்றன. அப்பாவுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். ஒரு பின்னலை விரலால் தட்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். அன்றிரவு நான் குப்புறத்தான் படுத்தேன்.

திங்கட்கிழமை காலை மிஸ் என்னைப் பார்த்து, நன்று என்று ஒரு சொல் சொன்னார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஆனால் கொழும்பு வெயிலைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. இடைவேளையில் ஓடிப் பிடித்து விளையாடி வியர்த்து, பிறகு காய்ந்து, மத்தியானத் தையல் பாடத்தில் நான் குனிந்தபோது, என் நீலப் பாவாடையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவள் விலகி இருந்தாள். மிஸ் வந்து என் பின்னலை ஒரு பென்சிலால் தூக்கிப் பார்த்தார். மயிருக்கு மயிர் வெள்ளைப் பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்னுக்குப் போனார்.

தலை முழுக்க ஈர், வெட்டிவிட்டுத்தான் பிள்ளையை இனி அனுப்ப வேண்டும் என்று இரண்டாவது கடிதம் வந்தது. காதளவு என்ற சொல்கூட இந்தத் தரம் இல்லை.

அப்பா மாலைக் கோச்சியில் வந்து, ராவியா உம்மா வீட்டு வாசலில் நின்றபடியே அதை வாசித்தார். அது ஈர் அல்ல, தன் கஞ்சி என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் தலைக்குக் கஞ்சி போட்டேன் என்று ஒரு பெரிய மனிதன் பள்ளிக்கூடத்துக்கு எப்படி எழுதுவது? அவரால் முடியவில்லை. கந்தோர் உடுப்போடேயே என் கையைப் பிடித்துக்கொண்டு காலி வீதியில் இருந்த சலூனுக்கு நடந்தார். வழி முழுவதும் நான் அழுதேன். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. என் கையை மட்டும் வழக்கத்தைவிட இறுக்கிப் பிடித்திருந்தார். பாதி வழியில், எச்சரிக்கை எதுவும் இல்லாமல் ஐப்பசி மழை கொட்டியது. காற்றில் அப்பாவின் தொப்பி பறந்து வீதியோரக் கானுக்குள் விழுந்தது. நாங்கள் சலூனுக்குள் ஏறியபோது இருவரிலும் உலர்ந்த இடம் ஒன்று இல்லை.

சலூன்காரர் மாணிக்கம் இந்தியாவிலிருந்து வந்தவர். அப்பாவின் தலையை மாதம் ஒரு தரம் வெட்டுபவர். அப்பாவிடம் ஒரு துவாயைக் கொடுத்துவிட்டு, உயரப் பலகை வைத்த கதிரையில் என்னைத் தூக்கி இருத்தி, பின்னலை அவிழ்த்து வெள்ளைத் துணியைச் சுற்றினார். அப்பா தலையை அழுத்தித் துடைத்தார். மழையில் பாதி போயிருந்த பிரிலியன்டைனில் மீதி துவாயோடு போயிற்று. அவர் துவாயை எடுத்தபோது நான் கண்ணாடியில் பார்த்தேன். அழுகை நின்றுவிட்டது. அங்கே இரண்டு தலைகள் தெரிந்தன: முன்னால் என்னுடையது, மழை கஞ்சியைக் கழுவிவிட்டதில் சுருள் சுருளாகத் தொங்கிக்கொண்டு, பின்னால் அப்பாவுடையது, அப்படியே, அதே சுருள், அதே பிடிவாதம், நெற்றிக்கு மேலே வலப்பக்கம் சுழிக்கிற அதே சுழிகூட.

"அப்பா, உங்களுக்கும்" என்றேன்.

அவர் கையால் தலையை அமர்த்தப் பார்த்தார். அது அமரவில்லை. மாணிக்கம் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, இது நீங்க குடுத்த முடிதானே. மாசா மாசம் நான் பாக்குற முடி. இதைக் காய வச்சுச் சீவினா குழந்தை அழத்தான் செய்யும். ஈரத்துல, நுனியில இருந்து, விரலால எடுக்கணும். வெட்டச் சொன்னா வெட்டுறேன். ஆனா வேற மாதிரி முளைக்காதுங்க."

அப்பா கண்ணாடிக்குக் கிட்ட வந்து, என் சுருள் ஒன்றை விரலில் சுற்றிப் பார்த்தார். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் என்னைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியை அவரே அவிழ்த்தார்.

"வேண்டாம், மாணிக்கம். வெட்ட வேண்டாம்."

திரும்பி நடக்கும்போதுதான் சொன்னார். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவரைச் "செம்மறி" என்றுதான் கூப்பிடுவார்களாம்; வாத்தியாரும் அப்படித்தானாம். கொழும்புக்கு வேலைக்கு வந்த நாள் தொடக்கம் ஒரு மனிதருக்கும் அந்தத் தலையைக் காட்டியதில்லையாம். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். அவர் மேல் கோபப்படவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னைப்போல ஒருவர் இந்த உலகத்தில் இருக்கிறார், அதுவும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் நான் மழைத் தண்ணீரை மிதித்து மிதித்து நடந்தேன்.

மறுநாள் அப்பா அரைநாள் லீவு எடுத்தார். விடிய என் தலையை நனைத்து, நுனியிலிருந்து விரலால் சிக்கெடுத்துப் பின்னினார். ஒரு மணித்தியாலம் பிடித்தது, ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தன் தலைக்கு ஒன்றும் பூசவில்லை. பழைய தொப்பி ஒன்றை எடுத்து அதன்மேல் அமர்த்தினார். அது சரியாக இறங்காமல் வழி முழுவதும் மேலே கிளம்பிக்கொண்டே வந்தது. தலைமை ஆசிரியை ஒரு வெள்ளைக்கார அம்மா. அவருடைய அறை வாசலில் அப்பா ஒரு கணம் நின்றார். சீமாட்டி ஒருவரின் முன் தொப்பியோடு நிற்க முடியாது. உள்ளே போய்த் தொப்பியை எடுத்தார்.

அந்த அம்மா ஏறிட்டுப் பார்த்தார். வகுப்பு மிஸ்ஸும் பார்த்தார். அப்பா அசையாமல் நின்று, கந்தோரில் அறிக்கை வாசிக்கிற குரலில், உதிர்ந்தது ஈர் அல்ல, தன் கழுத்துப்பட்டிகளுக்குப் போடுகிற கஞ்சி என்றும், அதைப் பூசியது தான்தான் என்றும், பிள்ளையின் மயிர் அசட்டையாக விட்ட மயிர் அல்ல, பிறப்பிலேயே அப்படி, அது தன்னிடமிருந்து வந்தது என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். தன்னிடமிருந்து என்று சொல்லும்போது அவருடைய காது இரண்டும் சிவந்துபோயின. வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன் என்றார். தலைமை ஆசிரியை எழுந்து வந்து என் பின்னலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், பிறகு அப்பாவின் தலையைப் பார்த்தார், அவருடைய வாய் ஓரம் துடித்தது. கஞ்சியை எவ்வளவு தடிப்பாகக் காய்ச்சினீர்கள் என்று கேட்டார். தன் லேஸ் கழுத்துப்பட்டி மத்தியானத்துக்கு மேல் நிற்பதில்லையாம். அப்பா மிகுந்த அக்கறையோடு செய்முறையைச் சொன்னார். அந்த அம்மா ஒரு தாளில் எழுதிக்கொண்டார். நான் என் வகுப்புக்கு என் மயிரோடு நடந்து போனேன்.

அன்றைக்குக் கந்தோரில் பியூன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தானாம், பெரிய துரை ஒன்றும் கவனிக்கவேயில்லையாம். அதற்குப் பிறகு அப்பா பிரிலியன்டைன் வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அம்மா தம்பியோடு வெள்ளவத்தை நிலையத்தில் இறங்கியபோது, அப்பா ஒரு குற்றவாளிபோலத் தொப்பியை எடுத்தார். அம்மா பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, என் பின்னலை முதலில் பார்த்தார். பிறகுதான் அவரைப் பார்த்தார்.

"கலியாணம் முடிச்ச முதல் கிழமையே எனக்குத் தெரியும்" என்றார். "உங்கட தலையணை உறையிலை ஒட்டின சுருள் மயிரைத் தட்டித் தோய்ச்சது ஆர்?"

மலாயாப் பெரியப்பாவைப் பற்றி நான் கேட்டபோது, அவருக்கு முழு வழுக்கை என்று சிரிக்காமலே சொன்னார்.

இப்போது அந்தச் சலூன் இருந்த இடத்தில் அடுக்குமாடி ஒன்று நிற்கிறது. கொம்புச் சீப்பைக் காணவில்லை. கழுத்துப்பட்டிக்குக் கஞ்சி காய்ச்சுகிற ஆண்கள் அப்பாவோடு முடிந்துபோனார்கள் என்றே நினைக்கிறேன். எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே மயிரை நேராக்க ஒரு கடையும் சுருளாக்க ஒரு கடையும் இருக்கின்றன; இரண்டு வாசலிலும் பெண்பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நான் இப்போதும் ஈரத்தில், நுனியிலிருந்து, விரலால்தான் சிக்கெடுக்கிறேன்.

அப்பா எண்பது தாண்டி, அந்த வெள்ளவத்தை வீட்டிலேயே போனார். அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது யாரோ உறவுக்காரர், மரியாதையாக இருக்கட்டும் என்று, அவருடைய நரைத்த தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டிருந்தார். அது அப்பாபோலவே இல்லை. நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் இருந்து, விரலை நனைத்து நனைத்து, எல்லாருக்கும் முன்னால் அதைக் கலைத்துவிட்டேன். சனம் முணுமுணுத்தது. சுருள்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. கால்மாட்டில் இருந்த அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்து, "ஓம், இப்பதான் அவர்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக அழுதார்.